மைமூன் ஹஜ்ஜுக்குப் போன கோடை

ஒரு பக்கம் போதும் என்றார்கள். மறுபடியும் எப்போதாவது ஊரை மூடவேண்டி வந்தால், நான் வேலை பார்த்த மையத்துக்கு வருகிறவர்களை எப்படிக் கவனிப்பது என்று இப்போதே ஒரு திட்டம் தயார் செய்கிறார்களாம். கொரோனா சமயத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்று இப்போதைய பொறுப்பாளர் போனில் கேட்டார். நல்ல பெண். மரியாதையாகத்தான் கேட்டார். "பாயின்ட் பாயின்டா இருந்தா போதும் மேடம்" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கோபம் மூக்கின்மேல் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். நான் ஓய்வு பெற்றால் அதுவும் ஓய்வு பெற்றுவிடும் என்று என் பிள்ளைகள் நம்பியிருந்தார்கள். பாவம், ஏமாந்து போனார்கள்.

பாயின்ட் பாயின்டாகவும் எழுதிப் பார்த்தேன். 'எல்லா வீடுகளுக்கும் தினமும் போன் செய்தோம்' என்பது முதல் வரி. பொய்யில்லை. ஆனால் அந்த போனில் என்ன கேட்டது, அதைக் கேட்டுக்கொண்டு செம்பூரில் என் வீட்டுச் சமையலறையில் நான் எப்படி நின்றேன் என்பதெல்லாம் அந்த வரிக்குள் வரவில்லை. அதனால் அந்தப் பக்கத்தை அவர்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டு, இதை எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

நான் நர்ஸ். ஒரு முனிசிபல் ஆஸ்பத்திரியில் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, பல வார்டுகளில் தேய்ந்தவள். ஓடக் கற்றுக்கொண்டேன், அதட்டக் கற்றுக்கொண்டேன், நின்றுகொண்டே சாப்பிடக் கற்றுக்கொண்டேன். அதற்குமேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு ஒத்துழைக்காமல் போனபோது, மாட்டுங்காவில் ஞாபகம் தப்பிப்போன பெரியவர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன மையத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். வேலை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். யாருக்கும் ஊசி போடவேண்டாம், யாரும் திடீரென்று சாகமாட்டார்கள்.

மையத்தை நடத்தியவர் ஒரு பார்சி அம்மாள். ரோஷன் மேடம் என்போம். முட்டிக்குக் கீழே தொங்கும் கவுன், கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, எந்நேரமும் இஸ்திரி கலையாத ஒரு நிதானம். இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என்னைப் போன்றவளுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் சேர்ந்த முதல் நாள், 'வீட்டுக்குப் போகணும்' என்று வாசலைப் பார்த்து நடந்த ஒருவரை, ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தேன். திரும்பி ஓர் அறை விட்டார். கன்னத்தைத் தடவிக்கொண்டு மேடத்திடம் போய் முறையிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவர் உன்னை அடிக்கவில்லை. பின்னாலிருந்து வந்து பிடித்த ஒரு கையை அடித்தார். நீ யார் என்று அவருக்கு யார் சொன்னது?"

பிறகு அவரே காட்டினார். வருகிறவருக்கு எதிரே, அவர் பார்க்கும் தூரத்தில் இருந்து நடந்து வரவேண்டும். முகத்தை நன்றாகப் பார்க்க விடவேண்டும். "பெஹ்லே பைட்டோ" என்பார், முதலில் உட்கார் என்று. நம் கண் அவர் கண்ணைவிடத் தாழ்ந்து இருக்கவேண்டும். நம் பெயரைச் சொல்லவேண்டும், தினமும் சொல்லவேண்டும், நேற்றுச் சொன்னோமே என்று நினைக்கக் கூடாது. கையை நீட்டிவிட்டுக் காத்திருக்கவேண்டும். அவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் மற்ற பேச்செல்லாம். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் உலகத்தில் அம்மா இன்னும் உயிரோடு இருந்தால், இல்லை செத்துப்போய்விட்டாள் என்று திருத்தாதே; இதோ வந்துகொண்டிருக்கிறாள் என்று பொய்யும் சொல்லாதே. அம்மா என்ன சமைப்பாள் என்று கேள்.

கொரோனா வந்தபோது இந்தப் பாடம் முழுக்க ஒரே நாளில் தடை செய்யப்பட்டதை நீங்களே கவனித்திருப்பீர்கள். முகத்தை மூடு. தொடாதே. கிட்டே போகாதே. மையத்தைப் பூட்டி மேடம் சாவியைக் கைப்பையில் போட்டபோது, "மிச்சம் இருப்பது பெயர் மட்டும்தான். அதை போனில் சொல்லலாம்" என்றார்.

போனில் சொன்னோம். மாட்டுங்காவில் நாராயணன் என்று ஒருவர், பாலக்காட்டுக் குடும்பம், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லலிதா எங்களிடம் வருகிறவர். ஊரடங்கில் அவர்களுடைய சொசைட்டி வேலைக்காரப் பெண்களை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டது. மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக அரிசி கழுவினார், மனைவிக்குப் புடவை கட்டிவிடப் பழகினார். அதெல்லாம் கூடச் சமாளித்தார். பால் வாங்கப் போய் முகமூடியோடு திரும்பினால் லலிதா மாமி கதவைத் திறக்கமாட்டார். "ஆத்துக்காரர் வெளியில போயிருக்கார். அவர் வந்தப்புறம் வாங்கோ" என்று உள்ளிருந்து பதில் வரும். முகமூடியைக் கழற்றினால், எதிர்வீட்டுக்காரர் சொசைட்டி வாட்ஸாப் குழுவில் புகார் போடுவார். "கழட்டினா சொசைட்டி சண்டைக்கு வரது, போட்டுண்டா பொண்டாட்டி உள்ள விடமாட்டேங்கறா. பாலோட நான் எங்க போறது, சொல்லுங்கோ" என்று என்னிடம் கேட்டார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் அழுதார். அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் இன்றுவரை எனக்குள் தங்கியிருப்பது ரஹீம் பாயின் வீடுதான். அவர் இப்போது இல்லை. மகனும் மருமகளும் எழுதிக்கொள்ளச் சம்மதம் சொன்னார்கள்.

ரஹீம் பாய்க்குச் சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம். வாலிப வயதில் பம்பாய்க்கு வந்து, தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்தவர். ஞாபகம் தப்ப ஆரம்பித்த பிறகு மகன் சாதிக் தினமும் டாக்ஸியில் எங்கள் மையத்தில் கொண்டுவந்து விடுவான். வந்ததும் பெண்களின் கைப்பைகளை வாங்கித் தையல் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். என் பையைப் பார்த்துவிட்டு, "இத யாரு தச்சா, கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டா தச்சான்?" என்று கேட்பார். தினமும் கேட்பார். எனக்கும் தினமும் சிரிப்பு வரும்.

வீடு கீழே ஒரே அறை. மேலே பட்டறை. போக வெளியிலிருந்து ஓர் இரும்பு ஏணி. மனைவி இறந்துவிட்டார். சாதிக்கும் அவன் மனைவி மைமூனும்தான் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை இல்லை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது மகன் வேலை. சாப்பாடு, மருந்து, பேச்சு, கோபம், கொஞ்சல் எல்லாம் மைமூன். ஊரடங்கு அறிவித்ததும் பட்டறை ஆட்கள் பிகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் கிளம்பிப் போய்விட்டார்கள். தாராவியில் தொற்று பரவியதும் ரஹீம் பாய் வீட்டுச் சந்தின் முனையை மூங்கில் கட்டி அடைத்தார்கள்.

மைமூன் முதல் வாரமே போனில் சொன்னாள்: "அக்கா, மாமாவ வீட்டுல நிறுத்த முடியல. பாங்கு சத்தம் கேட்டா தொப்பியப் போட்டுக்கிட்டுக் கெளம்பிருதாக. பள்ளி பூட்டிக் கெடக்கு மாமான்னு சொன்னா, 'அல்லா வீட்டப் பூட்ட எவனுக்குளா தைரியம்'னு என்னைய ஏசுதாக."

பள்ளிவாசலில் தொழுகைக்கு ஆட்கள் வரக்கூடாது என்று தடை. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு மட்டும் வேளை தவறாமல் ஒலித்தது. ரஹீம் பாய்க்கு எத்தனையோ விஷயம் மறந்துவிட்டது, மனைவி இறந்தது கூட. பாங்கு கேட்டால் எழுந்து நடக்கவேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. சந்து முனையில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் இரண்டு மூன்று முறை நல்லவிதமாகத் திருப்பி அனுப்பினார். ஒருநாள் இவர் மூங்கிலைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். போலீஸ்காரர் சத்தம் போட, இவர் பதிலுக்குச் சத்தம் போட, சாதிக் நடுவில் விழுந்து கும்பிட்டான். அந்தப் போலீஸ்காரரையும் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து எத்தனை பேரின் எத்தனை சாக்குகளைக் கேட்டிருப்பாரோ. 'அவருக்கு ஞாபகம் இருக்காது' என்பது இன்னொரு சாக்காகத்தான் காதில் விழுந்திருக்கும்.

அன்றிலிருந்து சாதிக் கதவைப் பூட்டினான். உள்ளே ரஹீம் பாய் கதவைக் கையால் அடித்தார். உள்ளங்கை வீங்கும்வரை அடித்தார் என்று மைமூன் சொன்னாள். சாதிக் போனை வாங்கி, "பெத்த வாப்பாவப் பூட்டி வச்சிருக்கேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அந்தக் கட்டுப்பாடுகள் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நான் நர்ஸ், தொற்று என்றால் என்ன என்று தெரியும். ஆனால் ஏன் வெளியே போகக்கூடாது என்ற காரணத்தை மனசில் வைத்திருக்க முடிகிறவனுக்குத்தான் அது கட்டுப்பாடு. காரணம் நிற்காதவருக்கு அது தண்டனை, அதுவும் ஒவ்வொரு வேளையும் புதுத் தண்டனை. நேற்றைய அழுகை அவருக்கு ஞாபகமிருந்தால் இன்று கொஞ்சம் பழகியிருப்பார்.

ரோஷன் மேடத்திடம் போனில் சொன்னேன். "அவர் எங்கே போக நினைக்கிறார் என்பதை விடு. போகிற வழியில் என்னென்ன செய்வார், அதைக் கேள்" என்றார். மைமூனிடம் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கைகால் முகம் கழுவி ஒளு செய்வார். காதுக்குப் பின்னால் அத்தர் தொட்டுக்கொள்வார். தொப்பி. செருப்பு. சந்தில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சலாம். பள்ளி வாசலில் செருப்பை இடப்பக்கம் கழற்றுவார். உள்ளே வரிசையில் நிற்பார்.

"எப்படி நிப்பாரு?"

"தோளு இடிக்கணும்க்கா. எடம் விட்டு நின்னா புடிக்காது. பக்கத்து ஆளு முழங்கையப் புடிச்சி இழுத்துக்கிடுவாக."

இதைச் சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். சற்றுப் பொறுத்து, "மேல பட்டறை சும்மாதான் கெடக்கு" என்றாள்.

இருவரும் தையல் மிஷின்களைச் சுவரோரம் தள்ளினார்கள். கீழே பாய் விரித்தார்கள். அடுத்த பாங்குக்கு ரஹீம் பாய் கிளம்பியதும் கதவைத் திறந்துவிட்டார்கள். சாதிக் கூடவே நடந்தான். அடைத்த மூங்கிலுக்கு வெகுதூரம் முன்பே, எதிர்வீட்டுக்காரரிடம் சலாம் வாங்கிக்கொண்டு திரும்பி, ஏணி ஏறி, செருப்பை இடப்பக்கம் கழற்றி உள்ளே போனார்கள். இரண்டே ஆண்கள் என்றால் தொழவைப்பவரும் தொழுகிறவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்பதுதான் முறையாம். சாதிக் தோளை வாப்பா தோளோடு ஒட்டி நின்றான். பின்னால் மைமூன். தொழுகை முடிந்து ரஹீம் பாய் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கூட்டம் கம்மி" என்றாராம். ஒவ்வொரு வேளையும் அதையே சொன்னார். ஆனால் கதவை அடிக்கவில்லை. நோன்பு மாதம் அப்படித்தான் ஓடியது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. ஏதோ நான்தான் பள்ளிவாசல் கட்டிக்கொடுத்த மாதிரி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் மைமூனுக்குக் காய்ச்சல். பரிசோதனையில் தொற்று உறுதியானது. ஆண்கள் இருவருக்கும் இல்லை. மைமூனை மைதானத்தில் கொட்டகை போட்டு அமைத்த சிகிச்சை மையத்துக்கும், மற்ற இருவரை ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் தனிமைப்படுத்தவும் கூட்டிப்போவதாகத் தகவல் வந்தது. ஒரே அறை வீட்டில் வேறு வழி கிடையாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. எல்லோருக்கும் என்றால், ரஹீம் பாயைத் தவிர.

உடம்பு முழுக்கக் கவச உடை போட்டு, முகமே தெரியாமல் ஆட்கள் வருவார்கள். வண்டியில் ஏறச் சொல்வார்கள். ஏறமாட்டார். பிடித்து இழுப்பார்கள். அவர் அடிப்பார். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், கட்டிப்போடுவார்கள். மேடத்துக்கு போன் செய்து, பாஸ் வாங்கித் தாருங்கள், நான் தாராவிக்குப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நான் கத்தினேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக இருக்கலாம், அங்கே ஒரு மனுஷனைக் கட்டி இழுக்கப்போகிறார்கள் என்றேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "உன் முகத்தையும் மூடிக்கொண்டுதானே போவாய்? அவருக்கு எதைக் காட்டுவாய்?" என்றார். "உன் குரல் அங்கே இருக்கட்டும். வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவை" என்றார்.

முனிசிபல் அலுவலக எண்ணில் ஒரு பெண் எடுத்தார். குரலே தேய்ந்து போயிருந்தது. பெரியவர் ஞாபகம் தப்பியவர், பின்னாலிருந்து தொடவேண்டாம், எதிரே நின்று முதலில் பெயர் சொல்லச் சொல்லுங்கள் என்று மன்றாடினேன். "சொல்லிப் பார்க்கிறேன் தாயீ" என்றார், மராத்தியில் அக்கா என்று. அவ்வளவு நெருக்கடியில் அதையும் சொன்னார், பிறகு தெரிந்தது.

காலையில் வந்தார்கள். சாதிக் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தான். நான் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளாஸ்டிக் உடை உரசுகிற சத்தம் கேட்டது. ஓர் ஆண் குரல் மராத்தி வாடையடிக்கும் இந்தியில், "பாபா, என் பெயர் விலாஸ்" என்றது. அலறல் வரும் என்று காத்திருந்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க, வாங்க. கப்பல் எப்பம்?"

யாருக்கும் புரியவில்லை. ரஹீம் பாயின் குரல் மட்டும் சந்தோஷமாகக் கேட்டது. "சாதிக், ஹஜ்ஜுக்குப் போறவுக வாசல்ல நிக்காக. நாற்காலி எடுத்துப் போடாம என்ன முழிக்க?"

ஹஜ்ஜுக்கு பம்பாயிலிருந்து கப்பல் போன காலம் உண்டு. தெற்குச் சீமையிலிருந்து வருகிற ஊர்க்காரர்கள் கப்பல் ஏறும்வரை அந்தப் பட்டறையில்தான் பாய் விரித்துத் தங்குவார்களாம். கிளம்பும்போது வீடு வீடாகப் போய், ஏதாவது குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு விடைபெறுவதும், வீட்டுக்காரர்கள் தங்களுக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி அனுப்புவதும் வழக்கம். இப்போது வாசலில் நின்றவர்களும் ஹஜ் உடுப்பு மாதிரி தலையிலிருந்து கால்வரை வெள்ளை, கையில் பை, முனையில் வண்டி. ரஹீம் பாய்க்கு வேறு எப்படித் தோன்றும்?

"நான் எல்லாத்தையும் பொறுத்துட்டேன். நீங்களும் என்னையப் பொறுத்துக்கிடுங்க. எனக்காக துஆ செய்யுங்க" என்று அவர் சொல்வது கேட்டது. பிறகு பிளாஸ்டிக் நசுங்குகிற சத்தம். அந்த விலாஸைக் கட்டிப்பிடித்துவிட்டார் என்று சாதிக் பிறகு சொன்னான். தொடக்கூடாது என்று ஊரே ஓடிக்கொண்டிருந்த நேரம். விலாஸ் விலகவில்லை. "ஹோ பாபா, ஹோ" என்று மராத்தியில் இரண்டு முறை ஆமாம் சொன்னார். கையுறைமேல் ரஹீம் பாய் அத்தர் தடவிவிட்டார்.

மைமூன் பையோடு வெளியே வந்தாள். அங்கே உடுத்துகிற துணியைத் திருப்பிக் கொண்டுவர முடியுமோ என்னவோ என்று, கறுப்பு புர்காவை விட்டுவிட்டு, ஊரில் அவள் உம்மா போர்த்திய பழைய வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தியிருந்தாள். ரஹீம் பாய் பார்த்தார்.

"ஏ புள்ள, நீயும் போறியா? மாஷா அல்லா!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இருமல் வந்தது. அவர் அவள் தலையில் கை வைக்க வந்திருக்கிறார். "கிட்ட வராதீக மாமா, கிட்ட வராதீக" என்று கத்திக்கொண்டே பின்னால் போனாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் மனசு சுணங்கவில்லை. "சரி, சரி. கப்பல் வரைக்கும் வந்து ஏத்திவிடுதேன்" என்றார். சாதிக் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே வண்டியில் ஏறினார். யாரும் இழுக்கவில்லை, யாரும் கட்டவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். குக்கர் எப்போதோ தீய்ந்திருந்தது.

நல்லபடி முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கப்பல் சங்கு ஊதியாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பார், தொடமாட்டார். சாதிக்குக் காரணம் தெரியவில்லை. மைமூனுக்கும் அவனுக்கும் சேர்த்து நான் போன் போட்டேன். அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினாள். "தட்டுல வச்சா அது சாப்பாடுன்னு அவுகளுக்குத் தெரியாது. உருட்டி உள்ளங்கையில வைங்க. வச்சிட்டுக் கொஞ்ச நேரம் கைய எடுக்காதீக." புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அன்று வேறு பேச்சே இல்லை. அவன் அப்படியே செய்தான். ரஹீம் பாய் சாப்பிட்டார். மறுநாள் மைமூனுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். போன் எடுப்பது நின்றது.

ஆண்கள் முதலில் வீட்டுக்குத் திரும்பினார்கள். ரஹீம் பாய் மெலிந்து போயிருந்தார். பள்ளிக்கூடத்து அறைக்குள் நடக்க இடமில்லாமல் நடப்பது போய்விட்டது. ஏணியில் ஒரு படி ஏற முடியவில்லை. இந்த நோயில் ஒரு பழக்கம் கொஞ்ச நாள் விட்டுப்போனால் திரும்ப வராது. நாம் இரண்டு மாதம் வீட்டுக்குள் இருந்துவிட்டு வெளியே வந்து கால் நீட்டிக்கொண்டோம். இவர்களுக்கு அந்த இரண்டு மாதத்தில் போனது போனதுதான். என் திட்டப் பக்கத்தில் வேறு எது எழுதினாலும் எழுதாவிட்டாலும் இதை எழுதினேன்.

பாங்கு ஒலித்தது, அவர் எழுந்திருக்கவில்லை. சாதிக் போன் செய்தான். "முந்தி பாங்கு கேட்டா ஏன்தான் எந்திரிச்சிருதாகளோன்னு இருந்திச்சி சிஸ்டர். இப்பம் எந்திரிக்க மாட்டாகளான்னு இருக்கு." ஊரில் எவனெவனோ வெளியே சுற்ற முடியவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்த ஒரு மனிதர் வெளியே போகக் கேட்க மாட்டாரா என்று நாங்கள் ஏங்கினோம்.

மைமூன் பிழைத்துவிட்டாள். அவள் திரும்பி வருகிற நாள் எனக்குப் பயமாக இருந்தது. அவர் இவளை அடையாளம் காணவில்லை என்றால்? பயந்து கத்தினால்? அவர் கத்தினால் அவள் தாங்குவாளா? அந்த உடம்போடு அவள் திரும்ப வருவதே அவரைப் பார்த்துக்கொள்ளத்தான், வேறு ஆள் கிடையாது. வாசலுக்கு வெளியே நில், முகமூடியை இறக்கு, பெயரைச் சொல், காத்திரு என்று சொல்லிக்கொடுத்தேன். இந்தமுறையும் போன் சாதிக்கின் சட்டைப் பையில்.

"நான் மைமூன் வந்திருக்கேன் மாமா."

ரஹீம் பாய் அந்த நாட்களில் பேச்சையும் ஏறக்குறைய விட்டிருந்தார். கட்டில் கிரீச்சிட்டது. "வாப்பா, மெதுவா, மெதுவா" என்று சாதிக்கின் குரல். எழுந்திருக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது. ஹஜ் முடித்து வருகிறவர்களை உட்கார்ந்தபடி வரவேற்கக் கூடாதாம். முடியவில்லை. திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"கப்பல் வந்துட்டா?" என்றார். "உள்ள வராத புள்ள. அங்கனயே நின்னு எனக்கு ஒரு துஆ செய்யி. வீட்டுப்படி ஏறுறதுக்கு முன்ன ஹாஜிமாரு கேக்குற துஆ தட்டாது."

சாதிக் போனை வாசலுக்குக் கொண்டுபோய் நீட்ட, மைமூன் தாழ்ந்த குரலில், "அக்கா, நான் போகலியே. ஹஜ் செய்யாம செஞ்ச மாதிரி நின்னா குத்தமில்லியா?" என்றாள். அல்லாவுக்குப் பயந்த பெண். மேடம் சொல்லிக்கொடுத்ததில், திருத்தாதே, பொய் சொல்லாதே என்பதெல்லாம் நமக்கும் பெரியவர்களுக்கும் நடுவில் உள்ளது. இதில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எப்போதும் ஏதாவது சொல்கிறவள் நான்.

அவள் வாசல்படிக்கு வெளியே நின்று இரண்டு கையையும் ஏந்தினாள் என்று சாதிக் சொன்னான். வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கட்டிலிலிருந்து ரஹீம் பாய் மட்டும் நடுநடுவே சத்தமாக "ஆமீன்" சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகக் கேட்டது. பழைய பட்டறை முதலாளியின் கணீர் குரல்.

அன்று சாயங்காலம் மைமூனிடம் பேசினேன். மாமா இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார் என்றாள். கேட்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு, பிறகு கேட்டேவிட்டேன், மாமாவுக்கு என்ன வேண்டிக்கொண்டாய் என்று.

"அவுக கேட்டது அவுகளுக்காகத்தான்க்கா. நான் எனக்குத்தான் கேட்டேன்" என்றாள். "அவுகளுக்கு முந்தி என்னைய எடுத்துராத அல்லான்னு கேட்டேன். அதுக்கும் ஆமீன் சொன்னாக."